அலுவலக லேப்டாப்பும் அதன் கண்களும்

அலுவலகம் கொடுக்கும் லேப்டாப் ஊழியரின் மேசையில் இருந்தாலும் அதன் கடிவாளம் ஐ.டி. பிரிவின் கையில்தான் இருக்கும். ஊழியரிடம் வந்துசேரும் முன்பே அதில் மேலாண்மை மென்பொருள் ஏற்றப்பட்டுவிடுகிறது. எந்தச் செயலி திறக்கப்பட்டது, எந்த பென் டிரைவ் செருகப்பட்டது, எந்தக் கோப்பு அதில் நகலானது என்பதையெல்லாம் மைய சர்வருக்குத் தெரிவிக்க அதனால் முடியும். இதில் பெரும்பகுதி வேவு பார்ப்பதற்காக வந்ததல்ல. வைரஸ் எந்தக் கணினி வழியாக நுழைந்தது, வாடிக்கையாளர் விவரம் எங்கே கசிந்தது என்று தேடுவதற்கு இந்தப் பதிவுகள் வேண்டும். ஆனால் தாக்குதலைக் காட்டிக்கொடுக்கும் அதே பதிவு, ஊழியர் எத்தனை மணிக்கு எந்த மருத்துவமனையின் இணையதளத்தைப் பார்த்தார் என்பதையும் காட்டிக்கொடுக்கும்.

பிரவுசரில் பூட்டுச் சின்னம் தெரிந்தால் நடுவில் யாரும் படிக்க முடியாது என்பது பொதுவான நம்பிக்கை. அலுவலக லேப்டாப்பில் அது எப்போதும் செல்லும் என்று சொல்ல முடியாது. நிறுவனம் தனது சொந்த மூலச் சான்றிதழை அதில் முன்கூட்டியே பதித்து வைத்திருக்கலாம். அப்படியானால், ஊழியர் ஒரு தளத்தைத் திறக்கும்போது இடையில் நிற்கும் ப்ராக்ஸி சர்வர் அந்தத் தளத்தின் பெயரில் தானே ஒரு சான்றிதழ் தயாரித்து நீட்டும், பிரவுசரும் ஏற்றுக்கொள்ளும். தகவல் அங்கே பிரிக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, மறுபடி மறையாக்கப்பட்டு வெளியே போகும். பூட்டு அப்படியே இருக்கும். சான்றிதழ் விவரத்தைத் திறந்து, அதை வழங்கியது யார் என்று பார்த்தால் விஷயம் வெளிப்படும். அங்கே நிறுவனத்தின் பெயரோ ப்ராக்ஸி மென்பொருளின் பெயரோ இருக்கும். பிரவுசரின் மறைநிலைச் சாளரம் இதற்கு உதவாது. அது அந்தக் கணினியில் பார்த்த பக்கங்களின் பட்டியலைச் சேமிக்காது, அவ்வளவுதான். வங்கி, மருத்துவத் தளங்களை இந்தச் சோதனையிலிருந்து விலக்கி வைக்க ப்ராக்ஸிகளில் வசதி உண்டு. பொறுப்புள்ள ஐ.டி. பிரிவு முதலில் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

பாதுகாப்பு என்ற எல்லையைத் தாண்டி, ஆளையே அளக்கும் மென்பொருள்களும் இருக்கின்றன. பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சி.என்.ஐ.எல்., 2024 டிசம்பரில் ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனத்துக்கு 40,000 யூரோ அபராதம் விதித்தது. அங்கே அவ்வப்போது ஸ்கிரீன்ஷாட் எடுக்கப்பட்டது. கீபோர்டும் மவுஸும் 3 முதல் 15 நிமிடம் அசையாமல் இருந்தால் அது வேலை செய்யாத நேரமாகக் கணக்கில் ஏறியது; சம்பளத்தில் கைவைக்கவும் அது இடம்கொடுத்தது. கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதும் தொலைபேசியில் பேசுவதும் வேலைதான் என்று ஆணையம் சுட்டிக்காட்டியது. மவுஸ் அசைவை மட்டும் எண்ணும் கருவிக்கு யோசிப்பவரும் சும்மா இருப்பவரும் ஒன்றுதான்.

முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கண்காணிப்பது எவ்வளவு முக்கியம் என்பதை பார்புலெஸ்கு எதிர் ருமேனியா வழக்கு நிலைநாட்டியது. புக்காரெஸ்ட் நிறுவனம் ஒன்று, வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல யாகூ மெசஞ்சர் கணக்கு தொடங்கும்படி பொறியாளர் ஒருவரைக் கேட்டது. 2007 ஜூலையில் அந்தக் கணக்கு சில நாட்கள் கண்காணிக்கப்பட்டது. சொந்த வேலைக்குப் பயன்படுத்தவில்லை என்று அவர் சொன்னதும், 45 பக்க உரையாடல் பதிவு அவர்முன் வைக்கப்பட்டது. சகோதரரோடும் தனக்கு நிச்சயமான பெண்ணோடும் பேசியவை அதில் இருந்தன. அவர் வேலை இழந்தார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேராயம் 2017 செப்டம்பர் 5 அன்று 11க்கு 6 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சொந்தப் பயன்பாட்டுக்குத் தடை இருப்பது அவருக்குத் தெரியும். ஆனால் செய்தியின் உள்ளடக்கமே படிக்கப்படும் என்பது முன்னதாகச் சொல்லப்படவில்லை. கண்காணிப்புக்குத் தக்க காரணம் உண்டா, இதைவிடக் குறைவாகத் தலையிடும் வழி இருந்ததா என்பவற்றையும் நீதிமன்றங்கள் பார்க்க வேண்டும் என்று அத்தீர்ப்பு வகுத்தது.

சேர்த்துவைத்த விவரத்தை யார் திறக்கலாம் என்பது அடுத்த கேள்வி. ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் எச்&எம் நிறுவனத்தின் சேவை மையத்தில், ஊழியர்களின் நோய், குடும்பச் சிக்கல் பற்றி மேலாளர்கள் குறிப்பு எடுத்துவந்தார்கள். 2019 அக்டோபரில் அமைப்புப் பிழை ஒன்றால் அந்தக் குறிப்புகள் சில மணி நேரம் நிறுவனம் முழுவதற்கும் திறந்து கிடந்தன. விஷயம் அம்பலமானதே அப்படித்தான். அடுத்த ஆண்டு 3.53 கோடி யூரோ அபராதம் விழுந்தது. அட்மின் உள்ளிட்ட யார் எந்தப் பதிவைத் திறந்தாலும் அது தனியே பதிவாக வேண்டும், தேவை முடிந்த பதிவுகள் குறித்த நாளில் அழிய வேண்டும் என்று ஐ.டி. பாதுகாப்புத் துறையினர் வலியுறுத்துவது இதனால்தான்.

இந்தியாவில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. ஆனால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, வேலை தொடர்பான தேவைக்கும் வணிக ரகசியம் போன்றவற்றைக் காப்பதற்கும் ஊழியரின் சம்மதம் இல்லாமலே அவரது தரவைக் கையாள நிறுவனத்துக்கு இடம் தருகிறது. அப்படித் திரட்டிய தரவையும் நிறுவனம் பாதுகாத்தே ஆக வேண்டும். தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது.