காட்டலாமா வேண்டாமா: தாயைக் கேளுங்கள்

2021-இல் உலகில் சுமார் 19 லட்சம் குழந்தைகள் 28 வாரக் கருவளர்ச்சிக்குப் பிறகு உயிரின்றிப் பிறந்தன. இவற்றில் பல தடுக்கக்கூடியவை. தடுக்க முடியாமல் போன பிறகு அந்தத் தாய்க்கு என்ன செய்கிறோம்? அவரும் வலியெடுத்துத்தான் பெறுகிறார். “அவகிட்ட காட்டாதீங்க, தாங்கமாட்டா” என்று உறவினர் சொல்ல, குழந்தை துணியில் சுற்றப்பட்டு வெளியே போய்விடுகிறது. அன்பினால் எடுக்கும் முடிவுதான். ஆனாலும் அது அவர் எடுத்த முடிவல்ல. அதை அவரே எடுக்கத் துணைநிற்பது பிரசவம் பார்ப்பவரின் கடமை.

பார்த்தால் துயரம் கூடும் என்பதற்குச் சான்று இல்லாமல் இல்லை. 2002-இல் ‘லான்செட்’ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு, இறந்த குழந்தையைக் கையில் ஏந்திய தாய்மாரிடம் அடுத்த கர்ப்பத்தின்போது மனச்சோர்வு அதிகம் என்றது. ஆனால் ஆராயப்பட்ட 65 பேரில் குழந்தையைப் பார்க்காதவர்கள் 17 பேர் மட்டுமே. பின்னர் வந்த சுவீடன் ஆய்வுகள், நிறைமாதக் குழந்தையை ஏந்தியவர்களுக்கு நீண்டகாலத் தொல்லைகள் குறைவு என்றன. அதனால்தான் பிரிட்டனின் வழிகாட்டுநெறியும் மாறியது. ஏந்தும்படி வழக்கமாக ஊக்குவிக்க வேண்டாம் என்றது 2007 நெறி; தாயுடன் பேசி வாய்ப்பளிக்கச் சொன்னது 2014 நெறி. எல்லாருக்கும் ஒரே விதி பொருந்தாது என்பதே இதன் சாரம். கட்டாயப்படுத்துவதும் தவறு, மறைப்பதும் தவறு.

கேட்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. குழந்தையின் தோல் நிறம் மாறியிருக்கலாம், உரிந்திருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். இப்போது வேண்டாம் என்பவரிடம் சில மணி நேரம் கழித்து மீண்டும் கேட்க வேண்டும். பிரிட்டனில் அதற்காகவே, உடல் கெடாமல் காக்கும் குளிர்த்தொட்டில் வைத்திருக்கிறார்கள். பாதத்தில் மை தடவி ஒரு தாளில் பதித்து, அவர் விரும்பினால் கொடுக்கலாம். எல்லாவற்றையும்விட, இரண்டு மூன்று நாளில் பால் சுரக்கும் என்பதைச் சொல்லி அனுப்ப வேண்டும். சொல்லாமல் விட்டால், குழந்தையில்லாத வீட்டில் மார்பு கட்டி வலிக்கும்போது அந்தப் பெண் திகைத்துப்போவார். சுரப்பை நிறுத்த மாத்திரை உண்டு. மருத்துவரிடம் கேட்டுக்கொடுப்பதும் இந்தப் பணியில் சேர்ந்ததே.

நெரிசலான நம் பிரசவ வார்டுகளில் இதற்கெல்லாம் ஆளும் நேரமும் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தாயிடம் கேட்கத் தனிக் கட்டடம் தேவையில்லை. பச்சிளங்குழந்தைகளின் அழுகுரல் கேட்காத கட்டிலுக்கு மாற்றப் பெருஞ்செலவும் ஆகாது. தீட்டு, வழக்கம் என்று பெரியவர்கள் தயங்கினால் அதையும் மதிக்கலாம். ஆனால் தாயின் விருப்பத்துக்கு அடுத்தபடியாக. இந்த இழப்புக்காக மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு 60 நாள் சிறப்பு விடுப்பு உண்டு என 2022-இல் அரசே ஆணையிட்டது. அரசு ஏற்றுக்கொண்ட துயரத்தை வார்டும் ஏற்க வேண்டும். உங்கள் வீட்டில் இப்படி நேர்ந்தால், அவருக்காக முடிவெடுக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.