கடிக்கும் நாய்: ஊட்டியில் யாரைக் கேட்பது?

தெருநாய் கடித்துவிட்டது என்று போய் நின்றால், "பிடிச்சாலும் அங்கேயேதான் கொண்டுவந்து விடணும், சட்டம் அப்படி" என்கிறார்களா? அது பாதி உண்மைதான்.

2023-ம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, பொறுப்பு உள்ளாட்சி அமைப்புக்கே. ஊட்டி, குன்னூர் நகருக்குள் என்றால் நகராட்சி. எஸ்டேட் லைன் வீடுகள் என்றால் அந்தப் பகுதியின் பேரூராட்சியோ ஊராட்சியோ. புகார் சொல்பவரின் பெயர், முகவரி, தேதி, நேரம் எல்லாம் பதிவாக வேண்டும். அதனால் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராதீங்க. எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்க. நாளைக்குக் கேள்வி கேட்க அதுதான் பிடி.

வெறிநோய் இல்லாத, ஆனால் மூர்க்கமான நாயை 10 நாள் கண்காணித்து விடலாம் என்றது அந்த விதி. 2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றம் இதை இறுக்கியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம். வெறிநோய் சந்தேகம் உள்ளதையும் மூர்க்கமானதையும் விடக் கூடாது, தனிக் காப்பகத்தில் வைக்க வேண்டும். நவம்பர் 7 உத்தரவுப்படி பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்டில் பிடித்த நாய்கள் எதுவும் அங்கே திரும்பக் கூடாது.

மலைச்சரிவில் காப்பகத்துக்கு இடம் எங்கே? நியாயமான கேள்விதான். ஆனால் பதில் தேட வேண்டியது நகராட்சி, கடிபட்டவர் அல்ல. நாயைத் தேடிச் சிறுத்தை வீட்டு வாசல்வரை வரும் மாவட்டம் வேறு இது.

நஷ்டஈடு? பல் பதிந்த ஒவ்வொரு தடத்துக்கும் குறைந்தது 10,000 ரூபாய் என்று 2023-ல் பஞ்சாப் – ஹரியாணா உயர் நீதிமன்றம் சொன்னது. இங்கே அது கட்டுப்படுத்தாது, வழக்கில் சுட்டிக்காட்டலாம்.

புகாரெல்லாம் அப்புறம். முதலில் காயத்தை சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டுக்கொண்டு, அந்தச் சீட்டின் நகலைப் புகாரோடு இணையுங்க.