மலைப் பாதையில் ஒரு சாவி

வத்தலக்குண்டைத் தாண்டிய பிறகு சமவெளியின் வெக்கை சிறிது சிறிதாக விலகி, கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாகப் பின்னே போக, காது அடைத்துத் திறந்து, முதல் குளிர்காற்று முகத்தில் வந்து மோதிய அந்தச் சுகத்தில் வேனுக்குள் இருந்த ஒன்பது பேரும் தத்தம் கவலைகளை மறந்திருந்த வேளையில், என் தங்கையின் பேத்தி, ஒன்றே முக்கால் வயதுக் குழந்தை, தாயின் தோளில் வாடிய கீரைத்தண்டு போலச் சாய்ந்து கிடந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பார்த்தும், மலைப் பாதையின் கிறக்கம் என்று சமாதானம் செய்துகொண்டோம். கன்னம் சற்றுச் சிவந்திருந்ததைக்கூடக் குளிருக்கு ஏற்பட்ட அழகு என்றுதான் ஒருத்தி சொன்னாள்.

வெள்ளி அருவியில் வேன் நின்றது. கொடைக்கானல் ஏரி நிரம்பி வழியும் நீர்தான் அங்கே அருவியாக விழுகிறது என்றும், அந்த ஏரி மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் துரை 1863-ஆம் ஆண்டில் உண்டாக்கியது என்றும் நான் விஸ்தாரமாகச் சரித்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். குழந்தையின் சின்னப்பா கைபேசியில் அருவியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் தாய் அலறினாள். திரும்பிப் பார்த்தால், குழந்தையின் கருவிழிகள் மேலே செருகி, பற்கள் கிட்டி, உதடு நீலம் பாரித்து, விறைத்த கைகால்கள் ஒரே தாளத்தில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. கடைவாயில் நுரை. இறந்துகொண்டிருக்கும் குழந்தையைத்தான் பார்க்கிறோம் என்பதில் அங்கிருந்த யாருக்கும் அந்தக் கணத்தில் சந்தேகம் இருக்கவில்லை.

பிறகு நடந்தவற்றைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. தகப்பன் குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டே தோளைப் பிடித்துக் குலுக்கினான். ஒருவர் பாட்டில் தண்ணீரை முகத்தில் வாரி அடித்தார். என் தங்கை பழனியாண்டவனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டே தயிர்சாதப் பாத்திரத்திலிருந்த ஸ்பூனை எடுத்துப் பல்லுக்கிடையே நுழைக்கப் பார்த்தாள். வேன் ஓட்டுநர், நல்ல மனிதர், "இரும்பைக் கையில குடுங்கம்மா, இரும்பைக் குடுங்க!" என்று கத்தியபடி தம்முடைய வண்டிச் சாவியையே உருவிக்கொண்டு ஓடிவந்து, மூடியிருந்த அந்தப் பிஞ்சு விரல்களைப் பிரித்து உள்ளே திணித்தார். சாவி உள்ளே போயிற்று, இழுப்பு நின்றது. குழந்தை நீளமாக ஒரு மூச்சு விட்டு, துவண்டு, உறங்கிப் போயிற்று.

"வண்டியை எடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினோம். ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து கையை நீட்டிய பிறகுதான் சாவி அங்கே இல்லை என்பது அவருக்கு உறைத்தது. ஒன்பது பேரும் சீட்டுக்கடியிலும் பைகளிலும் தேடினோம். கடைசியில் அது குழந்தையின் ஸ்வெட்டர்க் கைக்குள் நழுவிப் போயிருந்தது. இரும்பு வைத்தியத்தால் எங்களுக்குக் கண்கூடாகக் கிடைத்த பலன் இந்தத் தாமதம் ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் இருந்த இளம் பெண் டாக்டர் முதலில் குழந்தையைக் கவனித்தார். பிறகு ஜுரம் பார்த்தார். 103 டிகிரி. கழுத்தை மெதுவாக முன்னால் வளைத்துப் பார்த்தார், காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார். தொண்டை சிவந்திருந்தது. அதற்குள் குழந்தை விழித்து, அந்நியர் முகத்தைக் கண்டு வீறிட்டு அழத் தொடங்க, நாங்கள் பதறினோம். டாக்டரோ அந்த அழுகையைக் கேட்டுத்தான் முதல் முறையாகச் சிரித்தார். "அம்மாவைத் தேடி அழுறா பாருங்க. இதுதான் எனக்கு வேணும்" என்றார்.

அவர் சொன்னதையும், ஊர் திரும்பிய பின் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். ஜுர வலிப்பு என்று வைத்தியர்கள் சொல்வதைத்தான் நம் வீடுகளில் ஜன்னி என்றும் இழுப்பு என்றும் சொல்லி வந்திருக்கிறோம். வடமொழியின் சந்நிபாதம் என்ற சொல் தேய்ந்து சன்னியாகி ஜன்னியாயிற்று. பெரியவர்கள் ஜுர வேகத்தில் பிதற்றுவதற்கும் நாம் அதே சொல்லைப் பயன்படுத்துவதால் குழப்பம் நேர்கிறதே தவிர, குழந்தைகளுக்கு வரும் இது தனி விஷயம். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையில், வளர்ந்துகொண்டிருக்கும் மூளை ஜுரத்தின் உஷ்ணத்தைத் தாங்காமல் சற்று நேரம் தன் மின்னோட்டத்தின் ஒழுங்கை இழந்துவிடுகிறது, அவ்வளவே. ஜுரம் வந்தால் சிறு பிள்ளைகளுக்கு வலிப்பு வருவதும், ஏழு வயதுக்கு மேல் அது அரிதாவதும் கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே கவனிக்கப்பட்டவை. மேலை நாடுகளில் நூறு குழந்தைகளில் இரண்டிலிருந்து ஐந்து பேருக்கு இது ஒரு முறையாவது வருகிறது; ஜப்பானில் இன்னும் கூடுதல். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையை எட்டிப் பார்த்தால், அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேர் இதைத் தாண்டி வந்தவர்களாக இருக்கக்கூடும்.

மலைக்காற்றுதான் காரணம் என்றாள் என் தங்கை. வழியில் வாங்கித் தின்ற பலாச்சுளை என்றார் இன்னொருவர். கண்திருஷ்டி என்ற கட்சிக்கும் ஆதரவு இருந்தது. ஆனால் குழந்தை தொண்டையில் ஒரு கிருமியோடுதான் மதுரையை விட்டுப் புறப்பட்டிருக்கிறது. ஜுரம் காய்வதை வீட்டார் அறியுமுன்பே, அது வந்திருப்பதற்கான முதல் அறிகுறியாகவே வலிப்பு வந்துவிடுவது இந்த வியாதியில் சகஜம் என்பதைக் கேட்ட பிறகுதான், தோளில் வைத்திருந்தும் தெரியாமல் போயிற்றே என்று தன்னைத்தானே கொன்றுகொண்டிருந்த தாயின் முகம் சற்றுத் தெளிந்தது.

இரும்புச் சாவியின் கீர்த்திக்குக் காரணமும் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. இந்த வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாகவே அடங்கிவிடும் சுபாவமுள்ளது. ஒரு வீட்டில் அலறல் எழுந்து, பக்கத்து வீட்டார் ஓடிவந்து, யாரோ இரும்பு என்று சொல்லி, சாவிக்கொத்து எங்கே என்று தேடி எடுத்து வருவதற்கும் ஏறக்குறைய அதே நேரந்தான் ஆகும். ஆக, சாவி கைக்கு வருவதும் இழுப்பு நிற்பதும் ஒன்றாக நடக்க, புகழ் முழுவதும் சாவிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சில ஊர்களில் வெங்காயத்துக்கும் செருப்புக்கும் கிடைத்திருக்கும் பெயர் இப்படிச் சம்பாதித்ததுதான்.

சாவியால் பெரிய கெடுதல் இல்லை, ஸ்பூன் அப்படியல்ல. வலிப்பின்போது குழந்தை நாக்கை விழுங்கிவிடும் என்ற பயம் அடியோடு ஆதாரமற்றது. நாக்கை யாராலும் விழுங்க முடியாது. கிட்டிய பற்களுக்கிடையே உலோகத்தை நுழைத்தால் பல் உடையும், உடைந்த துண்டு மூச்சுக்குழலில் போய் அடைக்கவும் கூடும். வாயில் ஊற்றும் தண்ணீரும் மருந்தும் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகலாம். கைகாலை அமுக்கிப் பிடிப்பதால் இழுப்பு நிற்காது, எலும்புக்குத்தான் ஆபத்து. செய்ய வேண்டியதோ மிகவும் சொற்பம்: குழந்தையைத் தரையில் ஒருக்களித்துக் கிடத்தி, எச்சிலும் நுரையும் வெளியே வழியும்படி விட்டு, கழுத்தில் இறுக்கமாக எதுவும் இருந்தால் தளர்த்திவிட்டு, கடிகாரத்தைப் பார்ப்பது. ஒன்பது பேர் சூழ்ந்திருந்த எங்கள் வேனில் எல்லோர் கையிலும் மணிபார்க்கும் சாதனம் ஏதோ ஒன்று இருந்தது. பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

கடிகாரத்துக்கு ஏன் இந்த முக்கியத்துவம் என்றால், ஐந்து நிமிஷம் என்ற ஓர் எல்லை இருக்கிறது. அதைத் தாண்டிய வலிப்பு தானாக நிற்பதற்கான சாத்தியம் குறைந்துகொண்டே போகிறது. மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். ஆகவே அந்த எல்லை நெருங்கும்போதே 108-ஐ அழைத்துவிட வேண்டும். முதல் முறையாக வலிப்பு வருவதானால் எல்லைக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், உடனே அழைக்கலாம். ஒரு பக்கத்துக் கைகால் மட்டும் இழுத்தாலும், கால் மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலும், ஒரே நாளில் மறுபடி வந்தாலும் அது சாமானிய வகையல்ல. நின்ற பின்னும் குழந்தை தெளியாமல் கிடந்தாலோ, கழுத்து விறைத்திருந்தாலோ, ஆறு மாதம் நிரம்பாத சிசுவாக இருந்தாலோ, மூளைக்காய்ச்சலோ என்ற சந்தேகம் தீரும்வரை வைத்தியர் விடமாட்டார். டாக்டர் கழுத்தை வளைத்துப் பார்த்ததும், அழுகையைக் கேட்டுச் சிரித்ததும் அதற்காகத்தான்.

"ஸ்கேன் எடுக்க வேண்டாமா, மதுரைக்கே போய்விடட்டுமா?" என்று தகப்பன் நாலைந்து தடவை கேட்டான். சாமானிய ஜுர வலிப்புக்கு மூளையின் மின்வரைபடமோ ஸ்கேனோ வழக்கமாகத் தேவையில்லை என்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின் கழகம் 2011-இல் வெளியிட்ட நெறிமுறையிலேயே சொல்லியிருக்கிறது. வேண்டிய பரிசோதனை, ஜுரம் எதனால் வந்தது என்பதைக் கண்டுபிடிப்பதுதான். ஆனாலும், பரிசோதனை எதுவும் எழுதிக் கொடுக்காத டாக்டரிடம் நம்மவர்களுக்கு நம்பிக்கை பிறப்பது அருமை. தகப்பன் ஐந்தாவது தடவை கேட்டபோதும் அவர் அதே நிதானத்தோடு பதில் சொன்னதை நான் வியந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி வராமல் தடுக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. மூன்று குழந்தைகளில் ஒன்றுக்கு, பிறிதொரு ஜுரத்தில் மறுபடியும் வரும். ஒன்றரை வயதுக்குள் முதல் தடவை வந்திருந்தாலும், குடும்பத்தில் பிறருக்கு வந்திருந்தாலும் அந்த வாய்ப்பு கூடுதல். ஜுரம் ஏறியவுடனே பாராசிட்டமால் கொடுத்துவிட்டால் வலிப்பைத் தடுத்துவிடலாம் என்று நானும் நினைத்திருந்தேன். பின்லாந்து தேசத்தில் 231 குழந்தைகளை இரண்டு வருஷம் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஜுர மருந்து கொடுத்தவர்களுக்கும் வெறும் மாத்திரை கொடுத்தவர்களுக்கும் இந்த விஷயத்தில் பேதம் எதுவும் காணப்படவில்லை. உடம்பு வலி குறைந்து குழந்தை சுகமாக இருக்கும். அதற்காகத் தாராளமாகக் கொடுக்கலாம்.

1912-லிருந்து விற்பனையில் இருக்கும் பீனோபார்பிட்டால் என்ற வலிப்பு மருந்தை இந்தக் குழந்தைகளுக்கு வருஷக்கணக்கில் தினந்தோறும் கொடுத்துவந்த காலம் ஒன்று இருந்தது. 1990-இல் வந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சி அந்த மருந்து வலிப்பையும் தடுக்கவில்லை, குழந்தைகளின் புத்திக்கூர்மை அளவையும் குறைத்திருந்தது என்று காட்டிய பிறகு அந்த வழக்கம் ஒடுங்கிற்று. அடிக்கடி வரும் குழந்தைகளுக்கு ஜுர நாட்களில் மட்டும் கிளோபசாம் கொடுக்கும் முறை நம் தேசத்தில் உண்டு. நீண்டு போகும் வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் மருந்தை வைத்தியர் எழுதிக் கொடுத்தால், பிரயாணப் பையில் தேடாமல் எடுக்கும் இடத்தில் அதை வைத்துக்கொள்வது நல்லது. அளவையும் உபயோகிக்கும் விதத்தையும் அவரிடமே கேட்டுப் பழகிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு என் தங்கை வராந்தாவில் என்னைத் தனியே அழைத்தாள். "அண்ணே, இதை வெளியில சொல்லிட வேண்டாம். பொம்பளப் புள்ள. நாளைக்கு வலிப்பு இருந்துச்சுன்னு ஒரு பேச்சு வந்தா என்ன செய்யறது?" என்றாள். இருபது வருஷத்துக்கு அப்பால் இருக்கும் கல்யாணம், ஒன்றே முக்கால் வயதுக் குழந்தைக்கு! ஆனால் அந்தப் பயத்தை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. வலிப்பு என்ற சொல்லால் வாழ்வு முடங்கியவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். சாமானிய ஜுர வலிப்பு வந்த குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் காக்காய்வலிப்பு வரும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிடச் சிறிதே அதிகம், நூற்றுக்கு ஓரிருவருக்குத்தான். படிப்பிலும் புத்தியிலும் எந்தக் குறைவும் ஏற்படுவதில்லை. இதை அவளிடம் எடுத்துச் சொன்னேன்.

சற்று நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "இவனுக்கும் வந்துச்சு அண்ணே, ரெண்டு வயசுல" என்றாள், குழந்தையின் தகப்பனைக் கண்ணால் காட்டி. "திருச்செந்தூர் போற வழியில, ரெயில்ல. அவரும் நானும் யாருகிட்டயும் சொல்லல." இவன் என்று அவள் காட்டியவன் பொறியியல் படித்து, வேலையில் அமர்ந்து, தன் குழந்தைக்கு ஸ்கேன் வேண்டுமென்று ஐந்து தடவை கேட்டவன். முப்பது வருஷமாக மறைத்துவைத்த அந்த ஒரு வாக்கியத்தை டாக்டரிடம் போய்ச் சொல்லச் சொன்னேன். சொன்னாள். அவர் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டு, "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

அன்று மாலை வரை வைத்திருந்து அனுப்பினார்கள். மறுநாள் ஜுரம் இருந்தாலும் குழந்தை விளையாடிற்று. ஏரிக்கரையில் குதிரையைக் கண்டு ஏறியே தீருவேன் என்று அடம் பிடித்தது.

ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போயிற்று. எத்தனை நிமிஷம் இழுத்தது என்று டாக்டர் கேட்டபோது, தகப்பன் பத்து என்றான், நான் கால் மணி என்றேன், என் தங்கை அரை மணிக்குக் குறையாது என்று சத்தியம் செய்தாள். இரவு விடுதியில் குழந்தையின் சின்னப்பா கைபேசியைப் புரட்டியபோது, அருவியைப் பிடித்த படம் நிறுத்தப்படாமல் ஓடியிருந்தது தெரிந்தது. கைபேசி எங்கோ சாய்ந்து கிடக்க, படத்தில் ஆகாயமும் ஒரு மரக்கிளையும் மட்டும் தெரிந்தன. ஓசை முழுவதும் பதிவாகியிருந்தது. தாயின் அலறலிலிருந்து, "நின்னுருச்சு, நின்னுருச்சு" என்ற ஓட்டுநரின் குரல்வரை இரண்டு நிமிஷம் பத்து விநாடி. மூன்று தடவை போட்டுக் கேட்டோம். என் தங்கை மட்டும் இன்றுவரை அரை மணி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.