நாற்பத்திரண்டு ஊசியும் ஒரு தையலும்

ரத்தம் உறைவதைத் தடுக்கும் எனாக்சபாரின் ஊசி ஒன்றில் இருப்பது 0.4 மில்லி திரவம், அதில் 40 மில்லிகிராம் மருந்து. சிசேரியன் ஆன பெண்ணுக்கு 10 நாள் போட்டால் மொத்தம் 4 மில்லி. ஆறு வாரம் போட்டால் 42 ஊசி, 16.8 மில்லி. குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடைக்குள் அடங்கிவிடுகிற அளவு.

இந்தப் பாலாடை அளவு மருந்துதான் பிள்ளை பெற்ற வீட்டில் பெரிய பயத்தைக் கிளப்புகிறது. "பச்ச உடம்புக்காரி. ரத்தத்தத் தண்ணியாக்குற ஊசியப் போட்டா தையல் எப்படிம்மா ஒட்டும்?" நம் சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் பேரப்பிள்ளையை மடியில் போட்டிருக்கும் எந்தப் பாட்டியும் கேட்கக்கூடிய கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. மருந்துச் சீட்டை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினால் இதற்குப் பதில் கிடைக்காது. கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில், எத்தனை பேருடைய கவலை இது? 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 44.9 சிசேரியன். நாடு முழுவதற்கும் இது 21.5தான். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 36.0, தனியாரில் 63.8. செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பரில். கணக்கெடுப்போ பழைய மாவட்ட எல்லைகளை வைத்து எடுக்கப்பட்டது. அதனால் நம் மாவட்டத்தின் எண்ணிக்கை அதில் காஞ்சிபுரத்துக்குள் கரைந்து கிடக்கிறது.

ரத்தக்கட்டியின் கணக்கு அடுத்தது. பிரசவத்தில் ரத்தம் கொட்டித் தாய் இறந்துவிடாமல் இருக்க, கர்ப்ப காலத்திலேயே உடம்பு தன் ரத்தத்தைச் சீக்கிரம் உறையும்படி மாற்றிக்கொள்கிறது. அந்தப் பாதுகாப்பு பிள்ளை பிறந்த அன்றே விலகிவிடுவதில்லை. சுமார் ஆறு வாரம் நீடிக்கிறது. முதல் சில வாரங்களில்தான் ஆபத்து உச்சம். அதோடு வயிற்றைத் திறந்த காயமும் படுக்கையும் சேரும்போது காலின் ஆழ்சிரையில் ரத்தம் உறையலாம். அது பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. உலகின் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் 1000 சிசேரியனுக்கு 2.6 பேருக்கு இப்படிக் கட்டி வருவதாகத் தெரிந்தது. சுகப்பிரசவத்தோடு ஒப்பிட்டால் நாலு மடங்கு.

இப்போது தையல். எனாக்சபாரின் போன்ற ஹெபாரின் வகை மருந்துகளைக் கொடுக்கும்போது சிசேரியன் காயத்துக்கு அடியில் ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2015 வழிகாட்டுதலில் அதைச் சுமார் 2 சதவீதம் என்கிறது. அதாவது 1000 பேரில் 20 பேர்.

20க்கு எதிராக 2.6. எண்ணை மட்டும் பார்த்தால் பாட்டி ஜெயித்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் தராசின் இரண்டு தட்டிலும் ஒரே பொருள் இல்லையே. காயத்தில் ரத்தம் கட்டினால் வீக்கம், வலி, சில சமயம் ஒரு தையலைப் பிரித்து ரத்தத்தை வடித்தல், கூடுதலாகச் சில நாள் மருத்துவமனைவாசம். அது கஷ்டம்தான்; குழந்தையைத் தூக்க முடியாமல் தவிக்கிற கஷ்டத்தைச் சின்னது என்று நான் சொல்ல மாட்டேன். நுரையீரலில் அடைக்கும் கட்டிக்கு மறு தையல் கிடையாது. அதே சமயம், எல்லாருக்கும் ஊசி போட வேண்டும் என்றும் இந்தக் கணக்கு சொல்லவில்லை. பிரிட்டிஷ் வழிகாட்டுதலில், முன்பே நாள் குறித்துச் செய்த சிசேரியனுக்கு வேறு ஆபத்து எதுவும் இல்லாவிட்டால் ஊசி கட்டாயமில்லை. அவசர சிசேரியனுக்கு 10 நாள். முன்பு ரத்தக்கட்டி வந்தவர் போன்ற அதிக ஆபத்துள்ளவர்களுக்கு 6 வாரம். அளவையும் உடல் எடைதான் முடிவு செய்கிறது: 50 கிலோவுக்குக் கீழே 20 மி.கி., 50 முதல் 90 வரை 40, 91 முதல் 130 வரை 60. ஒல்லியான பெண்ணுக்கும் பருமனான பெண்ணுக்கும் ஒரே ஊசி எழுதியிருந்தால், ஏன் என்று கேட்கலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது.

பாட்டியின் கேள்விக்கு நேரான பதில் நேரக்கணக்கில் இருக்கிறது. இந்த மருந்து ரத்தத்தை நீர்க்க வைப்பதில்லை. ரசத்தில் தண்ணீர் ஊற்றுவது போன்ற வேலை அல்ல அது. புதிதாக உறைவு பின்னப்படும் வேகத்தைத்தான் குறைக்கிறது. வெட்டுப்பட்ட சிறு ரத்தக்குழாய்கள் சில நிமிடங்களில் அடைபட்டுவிடும். உறைவைத் தடுக்கும் ஊசி தொடங்குவதோ சில மணி நேரம் கழித்து. முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டிருந்தால் குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி. ரத்தப்போக்கு அதிகமிருந்தால் இன்னும் தள்ளிப் போடுவார்கள். காயம் ஒட்டுகிற மிச்ச வேலை சதை பின்னுகிற வேலை. அது மெதுவானது: முதல் வார முடிவில் பழைய வலிமையில் 10 சதவீதம்கூட இருக்காது, மூன்றாம் வாரத்தில் சுமார் 30, மூன்று மாதத்தில் சுமார் 80.

தையலைக் கெடுக்கும் உண்மையான எதிரிகள் வேறு: சர்க்கரை நோய், பருமன், கிருமி, ரத்தசோகை. அதே குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஊசிக்குக் காட்டும் எச்சரிக்கையில் பாதியை இரும்புச்சத்து மாத்திரைக்குக் காட்டினால் தையலுக்கு நல்லது. வயிற்றுக் கொழுப்பு 2 செ.மீ.க்கு மேல் இருந்தால் அந்த அடுக்குக்கும் தனித் தையல் போடுவது காயம் பிரிவதைக் குறைக்கிறது என்பதும் ஆய்வில் தெரிந்த விஷயம்.

பணக்கணக்குக்கு வருவோம். கடையில் ஓர் ஊசி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக நான் எடுத்த எண் இது. 10 ஊசிக்கு 4,000. 42 ஊசிக்கு 16,800. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி மொத்தமே 18,000 ரூபாய். அதில் ரொக்கம் 14,000, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். ரொக்கம் முழுவதையும் ஊசிக்கே கொடுத்தாலும் 2,800 ரூபாய் துண்டு விழும். ஆகவே வீட்டுக்கு வந்தபின் போடவேண்டிய ஊசிகளும் அரசு மருத்துவமனையிலேயே கிடைக்குமா என்று, டிஸ்சார்ஜ் ஆகிக் கிளம்பும் முன் கேட்டுவிட வேண்டும். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 10 கி.மீ.; மின்சார ரயிலில் 5 ரூபாய் டிக்கெட். இன்னொன்று: இந்த ஊசி மருந்து பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது. சில குடும்பங்களுக்கு அது முக்கியம். அதையும் முன்பே சொல்லிவிடுவது மருத்துவரின் கடமை.

இந்தக் கணக்கு மிகக் கடுமையாவது இதய வால்வு மாற்றிக்கொண்ட தாய்மார்களிடம். சென்னை மருத்துவக் கல்லூரியின் எம்-பேக் பதிவேட்டில் 2016 முதல் 2019 வரை சேர்க்கப்பட்ட, இதய நோயுள்ள பெண்களின் 1,029 கர்ப்பங்களில் 60.5 சதவீதத்தில் தாய்க்குச் சிறு வயது மூட்டுக் காய்ச்சலால் வந்த வால்வுக் கோளாறு. மொத்தத்தில் இறந்தவர்கள் 1.9 சதவீதம், செயற்கை வால்வு உள்ளவர்களில் மட்டும் 8.6. இவர்களுக்கு ஊசி நாளைக்கு இரண்டு, முழு அளவில். வார்ஃபரின் மாத்திரைக்கு மாறுவதைப் பிரசவத்துக்குப் பின் குறைந்தது 5 நாள் தள்ளிப் போடுகிறார்கள். அந்த ஐந்து நாளும் காயத்துக்காக விட்டுக்கொடுத்தவை. வார்ஃபரினோ ஹெபாரினோ, எதை எடுத்தாலும் தாய்ப்பால் கொடுக்கலாம். வால்வு வைத்த பெண் தையலுக்குப் பயந்து தானாக மருந்தை நிறுத்துவதை எந்தக் கணக்கும் நியாயப்படுத்தாது.

நம் பக்கத்துப் பத்தியத்தில் நல்லதும் இருக்கிறது. கோவளம், சதுரங்கப்பட்டினம் கரையிலிருந்து வரும் பால்சுறாவில் புட்டு செய்து கொடுத்தால் காயத்துக்கு வேண்டிய புரதம் கிடைக்கும். ஆனால் தண்ணீரைக் குறைப்பதும், நாள் முழுக்கப் பாயிலேயே கிடத்துவதும்தான் கட்டிக்கு வழி விடுபவை. மருத்துவர் சொன்னதும் எழுந்து நடப்பதற்குச் செலவே கிடையாது.

வீட்டில் தையல் டேப் இருந்தால் ஒன்று செய்யலாம். தினமும் இரண்டு கெண்டைக்காலையும் ஒரே உயரத்தில் அளந்து, குழந்தையின் தடுப்பூசி அட்டைக்குப் பின்னால் குறித்து வையுங்கள். கர்ப்பகாலக் கட்டிகளில் பெரும்பாலானவை இடது காலில் வருபவை. ஒரு கால் மற்றதைவிட 2 செ.மீ. பெருத்திருந்தால் அன்றே செங்கல்பட்டுக்குக் கிளம்புங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ டேப்பைத் தேட வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள்.