விசையில் எழுத்து இல்லை!

கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். என் பக்கத்து வீட்டு மாணவி ஒருத்தி மாலை ஆறு மணிக்குக் கணிப்பொறியின் முன் உட்கார்ந்தாள். பெயரும் அதன் பின் நான்கு இலக்கங்களும் சேர்ந்தது அவளுடைய கடவுச்சொல். தட்டினாள், ‘தவறு’ என்றது திரை. மறுபடி தட்டினாள், மறுபடியும் ‘தவறு’. இன்னும் ஒரு முறை தவறினால் கணக்கு மறுநாள் வரை பூட்டப்பட்டுவிடும். அழுகை முட்டிக்கொண்டு வர, என்னிடம் ஓடி வந்தாள்.

“மாமா, கீ-போர்டு கெட்டுப் போச்சு!”

விசைப்பலகை கெடவில்லை. அவள் தட்டிய விசைகளும் சரியானவையே. பிறகு தவறு எங்கே? அதைச் சொல்வதற்கு முன் உங்களிடம் ஒரு கேள்வி. ஆங்கில ‘ஏ’ அச்சிட்ட விசையை அழுத்துகிறீர்கள். அந்த விசை கணிப்பொறிக்கு எதை அனுப்புகிறது? “இதென்ன கேள்வி, ‘ஏ’ என்ற எழுத்தைத்தான்” என்கிறீர்களா? இல்லை. எழுத்தைப் பற்றி விசைக்கு ஒன்றுமே தெரியாது. அது அனுப்புவது ஓர் எண்; தான் இருக்கும் இடத்தின் எண்!

1981-ல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட பி.சி. என்ற கணிப்பொறியின் விசைப்பலகையில் 83 விசைகள் இருந்தன. பெரும்பாலான விசைகளுக்கு இடத்தை வைத்தே வரிசையாக எண் கொடுத்தார்கள். உங்கள் விசைப்பலகையிலேயே விரல் வைத்து எண்ணிப் பாருங்களேன். இடது மூலையில் உள்ள எஸ்கேப் விசைக்கு 1. அடுத்து, இலக்க வரிசையில் ‘1’ அச்சிட்ட விசைக்கு 2. அப்படியே வலப்புறம் போனால் பேக்ஸ்பேஸ் விசைக்கு 14. கீழ்வரிசையில் டேப் 15, ‘கியூ’ 16, ‘டபிள்யூ’ 17. அந்த வரிசையும் என்டர் விசையும் முடியும்போது 28 ஆகிவிடும். ‘ஏ’க்கு இடப்பக்கத்து விசை 29, ‘ஏ’ 30. விரலை அழுத்தினால் 30 போகும். விரலை எடுத்தால் 128-ஐக் கூட்டி 158 போகும். இன்றைய யூ.எஸ்.பி. விசைப்பலகைகள் வேறோர் எண் பட்டியலைப் பின்பற்றுகின்றன. அதில் ‘ஏ’க்கு எண் 4. பட்டியல் மாறியதே தவிர, எழுத்துக்குப் பதில் எண் என்னும் முறை மாறவில்லை.

அழுத்தியது எந்த விசை என்பது எப்படிக் கண்டுபிடிக்கப்படுகிறது? மலிவு விலையில் கிடைக்கும் விசைப்பலகை ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் மூன்று இருக்கும். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்சாரம் கடத்தும் மையால் கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும். நடுத்தாளில் விசைக்கு ஒன்றாக ஓட்டைகள். விசையை அழுத்தினால் அதன் அடியிலுள்ள ரப்பர் குமிழ் மடங்கி, ஓட்டை வழியாக மேல் கோட்டைக் கீழ்க் கோட்டுடன் தொட வைக்கிறது. விரலை எடுத்தால் குமிழ் நிமிர்ந்து விசையை மேலே தள்ளுகிறது. அவ்வளவுதான், நம் வீட்டு அழைப்பு மணியின் பொத்தானுக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

ஆனால் நூறு விசைக்கும் தனித்தனிக் கம்பி போட்டால் கட்டுபடியாகுமா? இங்கேதான் ஒரு நல்ல யுக்தி. கோடுகளைக் கிடையாக 8, நெடுக்காக 16 என்று அமைக்கிறார்கள். ஒரு கிடைக்கோடும் ஒரு நெடுக்கோடும் சந்திக்கும் இடமே ஒரு விசை. 8-ஐ 16-ஆல் பெருக்கினால் 128 சந்திப்புகள். கம்பிகளோ 24 மட்டுமே! ஓரத்தில் இருக்கும் ஒரு சிறு சில்லு, கிடைக்கோடுகளுக்கு ஒவ்வொன்றாக மின்னழுத்தம் கொடுத்து, அது எந்த நெடுக்கோட்டில் வெளிப்படுகிறது என்று பார்க்கிறது. ஆசிரியர் பெஞ்சு பெஞ்சாக வருகைப் பதிவு எடுப்பதைப் போன்றதுதான். ஆசிரியர் ஒரு நாளைக்கு இரண்டு தடவை எடுப்பார். இந்தச் சில்லு ஒரு வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை எடுக்கிறது.

இன்னொரு தொல்லையையும் அது சமாளிக்க வேண்டும். இரண்டு தொடுமுனைகள் சேரும்போது பட்டென்று ஒட்டிக்கொள்வதில்லை. தரையில் விழுந்த பந்தைப் போலச் சில மில்லி வினாடிகள் துள்ளுகின்றன. அந்தத் துள்ளல்களை எல்லாம் கணக்கில் எடுத்தால் ஒரு ‘ஏ’க்கு ஐந்தாறு ‘ஏ’ திரையில் விழும். ஆகவே துள்ளல் அடங்கும் வரை பொறுத்திருந்தே சில்லு எண்ணை அனுப்புகிறது. பழைய விசைப்பலகைகளில் ஓர் எழுத்தே இரட்டையாக விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே துள்ளல், சில்லின் பொறுமையை மீறிவிட்டது!

கம்பியை மிச்சம் பிடித்ததற்கு ஒரு விலையும் உண்டு. நான்கு விசைகள் ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகளாக அமைந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மூலைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் மின்னோட்டம் சுற்றிக்கொண்டு போய், யாரும் தொடாத நான்காவது விசையும் அழுத்தப்பட்டது போலக் காட்டும். இதற்குப் ‘பேய் விசை’ என்று பெயர். பேய்க்கு இடம் கொடுக்காமலிருக்க, சந்தேகம் வந்தாலே புதிய விசையைச் சில்லு ஒதுக்கிவிடுகிறது. ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு ஷிஃப்ட் விசைகளையும் யாராவது அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் ‘ஏ’ முதல் ‘இசட்’ வரை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். பல விசைப்பலகைகளில் சில எழுத்துகள் காணாமல் போகும். எவை என்று குறித்துக்கொண்டு நண்பரின் விசைப்பலகையோடு ஒப்பிடுங்கள், பட்டியல் வேறுபடலாம்.

ஷிஃப்ட் என்றதும் நினைவுக்கு வருகிறது. ரெமிங்டன் நிறுவனம் 1878-ல் கொண்டுவந்த தட்டச்சுப் பொறியில்தான் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒரே விசையில் சேர்ந்தன. அங்கே ஷிஃப்ட் விசை பொறியின் ஒரு பாகத்தை உண்மையாகவே நகர்த்தியது. பெயரே அதைத்தான் சொல்கிறது. இன்று எதுவும் நகருவதில்லை. ஷிஃப்ட் விசையும் தன் எண்ணை அனுப்புகிறது. பழைய பட்டியலில் இடது ஷிஃப்டுக்கு 42. ‘42 வந்தது, 170 இன்னும் வரவில்லை’ என்றால் ஷிஃப்ட் அழுத்தப்பட்டே இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் 30 வந்தால் பெரிய ‘ஏ’. விரலை எடுப்பதையும் ஏன் தெரிவிக்க வேண்டும் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

இனி அந்த மாணவியிடம் போவோம். அவள் இலக்கங்களை வலது ஓரத்து எண் தொகுதியில் தட்டினாள். அங்குள்ள விசைகளுக்கு இரட்டை வேடம். நம்-லாக் விளக்கு எரிந்தால் ‘7’ விசை 7. எரியாவிட்டால் அதே விசை வரியின் தொடக்கத்துக்குத் தாவும் ஹோம். விசை அனுப்பும் எண் இரண்டு சமயத்திலும் ஒன்றுதான். பொருள் கொள்வது கணிப்பொறி. விளக்கு அணைந்திருந்தது. அவள் தட்டிய நான்கு இலக்கங்களில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. நம்-லாக்கை ஒரு தட்டு, கடவுச்சொல் ஏற்கப்பட்டது. இரவு எட்டு மணிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

அந்த விளக்கை ஏற்றுவதும் விசைப்பலகை அல்ல. கணிப்பொறி உத்தரவிட்டால்தான் அது எரியும். எனவே திரை உறைந்துபோனால் கேப்ஸ்-லாக்கைத் தட்டிப் பார்க்கிறேன். விளக்கு மாறினால் கணிப்பொறி இன்னும் உயிரோடு இருக்கிறது, கொஞ்சம் காத்திருக்கலாம்.

விசைக்கு எழுத்துத் தெரியாது என்பதால் நமக்கு ஒரு பெரிய லாபம். 247 தமிழ் எழுத்துகளுக்கு 247 விசைகள் வேண்டாம். புதிய விசைப்பலகையே வேண்டாம். எண்ணுக்குப் பொருள் சொல்லும் பட்டியலை மட்டும் மாற்றினால் போதும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டை ஒட்டி உருவான ‘தமிழ்99’ அப்படிப்பட்ட ஒரு பட்டியல். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டுகள். ஆங்கில அச்சைப் பார்த்தால் அவை ஏ, கே, கே, கியூ. பழைய பட்டியலின்படி கணிப்பொறிக்குப் போவதோ 30, 37, 37, 16.