எதிர்ப்பாற்றலுக்கு முதலில் சாப்பாடு

கிருமி இருந்தும் நோய் இல்லை

இந்தியாவில் 15 வயதைக் கடந்தவர்களில் பத்துக்கு மூன்று பேர் உடம்பில் காசநோய்க் கிருமி தங்கியிருப்பதை 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு காட்டியது. அவர்களில் பெரும்பாலானோருக்கு ஆயுள் முழுக்க அந்த நோய் வருவதில்லை. இருமல் கிடையாது, எடை குறையாது, அடுத்தவருக்கும் தொற்றாது. நுரையீரலுக்குள் நுழைந்த கிருமியை விழுங்கணுக்கள் பிடித்துக்கொள்கின்றன; டி அணுக்கள் வந்து சுற்றிலும் காவல் நிற்கின்றன; கடைசியில் கடுகளவுக்கு ஒரு முடிச்சு உருவாகிறது. அதற்குள் கிருமி சாகாமலும் பெருகாமலும் பல ஆண்டுகள் கிடக்கும். காவல் தளர்ந்தால்தான் வெளியே வரும். முடக்குவாதத்துக்குப் போடப்படும் சில ஊசி மருந்துகள் டி.என்.எஃப் என்ற ஒரே ஒரு புரதத்தை அடக்குகின்றன. அவ்வளவுக்கே உறங்கிக் கிடந்த காசநோய் சிலருக்கு விழித்துக்கொள்வதை மருத்துவர்கள் 2001-இலேயே பதிவு செய்தார்கள்.

எதிர்ப்பாற்றலைப் பற்றிப் பேச இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. கிருமி பலரிடமும் வந்து சேர்கிறது. நோய் சிலரிடம் மட்டுமே வெளிப்படுகிறது. அந்தச் சிலர் யார், ஏன் அவர்கள் என்று பார்த்தாலே நம் உடம்பின் எதிர்ப்பாற்றல் எதனால் குறைகிறது என்பது புரிந்துவிடும். ஒரு பொடியோ மாத்திரையோ சாப்பிட்டு அதை இயல்புக்கு மேல் ஏற்றிவிடலாம் என்பது தவறான எதிர்பார்ப்பு. ஏற்றுவது நல்லதும் இல்லை. எதிர்ப்பாற்றல் எல்லை மீறினால் சொந்த மூட்டுகளையும் கணையத்தையும் தாக்கத் தொடங்கும். முடக்குவாதமும் குழந்தைகளுக்கு வரும் முதல் வகைச் சர்க்கரை நோயும் அப்படி வருபவைதான். உடம்புக்கு இயல்பாக உள்ள ஆற்றல் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் கையில் இருக்கிறது. அதைக் குறைக்கும் காரணங்களில் நம் நாட்டில் முதலில் நிற்பது அரைவயிற்றுச் சாப்பாடு.

சென்னை ஆய்வும் ஜார்க்கண்ட் ஆய்வும்

காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில், 1928-இல், டாக்டர் டேவிட் சௌரி முத்து தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கினார். நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு ஆகியவைதான் அன்றைய சிகிச்சை. பிறகு மருந்துகள் வந்தன. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டு, 193 நோயாளிகள் இரண்டு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும் மருந்து எடுத்தார்கள். மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே, எளிய சாப்பாட்டோடு, வேலைக்கும் போய்க்கொண்டு அதே மருந்தை எடுத்தார்கள். 1959-இல் வெளியான முடிவு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். பல நாடுகளில் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். எத்தனையோ ஏழைகளுக்கு வீட்டில் இருந்தபடியே சிகிச்சை கிடைக்க வழி திறந்தது நம் ஊர் ஆய்வு என்பதில் பெருமைப்பட இடமுண்டு.

ஆனால் அதிலிருந்து ஒரு தவறான பாடத்தையும் மருத்துவ உலகம் எடுத்துக்கொண்டது. சாப்பாடு முக்கியமில்லை, மாத்திரை போதும் என்பதே அந்தப் பாடம். இன்றும் சத்துணவைப் பற்றிப் பேசினால் சென்னை ஆய்வைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. அந்த ஆய்வு கேட்ட கேள்வி, நோய் வந்தவரை மருந்து குணமாக்குமா என்பது. நோய் வராமல் தடுக்கச் சாப்பாடு உதவுமா என்று அது கேட்கவே இல்லை. அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2,800 நோயாளிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 10,345 பேரிடம் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வின் முடிவு 2023-இல் லான்செட் இதழில் வெளியானது. எல்லா நோயாளிகளுக்கும் உணவுப் பொருள் கொடுக்கப்பட்டது. ஒரு பிரிவில் மட்டும் அவர்களோடு வாழும் குடும்பத்தாருக்கும் மாதந்தோறும் கொடுத்தார்கள். பெரியவர் ஒருவருக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே நுண்சத்து மாத்திரை. அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பரிசோதனையில் உறுதியான நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. நோயாளிகளிலும் முதல் இரண்டு மாதங்களில் 5 சதவீதம் எடை கூடியவர்கள் இறக்கும் வாய்ப்பு 61 சதவீதம் குறைவாக இருந்தது. மருந்து எல்லாருக்கும் ஒன்றுதான். சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு மாத்திரையை மட்டும் நம்ப இனி யாருக்கும் நியாயம் இல்லை.

தடுப்பூசியை மட்டும் நம்பவும் இந்த நோய் இடம் கொடுப்பதில்லை. தட்டம்மை, இளம்பிள்ளைவாதம் போன்றவற்றில் எதிர்ப்பாற்றலுக்கு நாம் செய்யக்கூடிய ஆகச்சிறந்த உதவி தடுப்பூசிதான். காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வடிவங்களிலிருந்து காக்கிறது. ஆனால் பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பதை 1968-இல் செங்கல்பட்டில் தொடங்கிய மாபெரும் ஆய்வு காட்டியது. எனவே இங்கே சுமை முழுவதும் அன்றாட வாழ்க்கையின் மேல் விழுகிறது.

தட்டில் என்ன இருக்கிறது

நம் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோபில் அணுக்களை உருவாக்குகிறது. கிருமியைத் தாக்க முதலில் ஓடும் இந்த வெள்ளணுக்களின் ஆயுள் பெரும்பாலும் ஒரு நாளைத் தாண்டுவதில்லை. எதிர்ப்புப் பொருள் எனப்படும் ஆன்டிபாடி ஒவ்வொன்றும் புரதம். இந்த உற்பத்தி தினமும் நடக்க வேண்டுமென்றால் புரதம் தினமும் உள்ளே போக வேண்டும். உடல் நிறைக் குறியீடு ஒரு புள்ளி குறைந்தால் காசநோய் வாய்ப்பு சுமார் 14 சதவீதம் கூடுகிறது என்ற கணக்கின் பின்னால் இருப்பது இதுதான்.

ஜார்க்கண்டில் கொடுத்த பருப்பை நாள் கணக்கில் பிரித்தால் ஒருவருக்கு 50 கிராம். அதில் சுமார் 11 கிராம் புரதம் கிடைக்கும். 50 கிலோ எடையுள்ள ஒருவரின் அன்றாடத் தேவையில் அது கால் பங்கு. நம் ரேஷன் கடையில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பு ஓர் அட்டைக்கு மாதம் 1 கிலோ. நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம்தான் வரும். சோற்றின் மேல் தண்ணீராக ஓடும் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருப்பது இதனால்தான். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும் பெண்ணின் தட்டில் அதுவும் இருக்காது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் அதைவிடச் சற்றுக் கூடுதல். நெத்திலிக் கருவாடு, சுண்டல், பொட்டுக்கடலைத் துவையல் எல்லாமே விலை உயர்ந்த சத்துமாவு டப்பாக்களின் வேலையைக் குறைந்த செலவில் செய்துவிடும். வைட்டமின் சி மாத்திரையை ஒழுங்காக விழுங்கி வந்தாலும் சாதாரண மக்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை. பிடித்த சளி விடுவதற்கு ஆகும் நாள்தான் சற்றுக் குறைகிறது என்று ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள் என்பேன்.

வசதியானவர்களுக்கும் காசநோய் வருகிறதே என்று கேட்கலாம். வருகிறது. தமிழ்நாட்டில் காசநோயாளிகளிடம் நடத்தி 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் கால்வாசிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. இன்னொரு கால்வாசிப் பேர் அதன் வாசலில் இருந்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை கட்டுப்பாட்டை மீறும்போது வெள்ளணுக்கள் மந்தமாகின்றன, காசநோய் வாய்ப்பு மூன்று மடங்காகிறது. புகையிலை அதை இரட்டிப்பாக்குகிறது. தூக்கத்துக்கும் சான்று இருக்கிறது. 164 பேரின் மூக்கில் சளிக் கிருமியை விட்டுப் பார்த்த 2015-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்கு 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நான்கு மடங்கு அதிகமாகச் சளி பிடித்தது. இரவுப் பணியில் இருப்பவரிடமும் ஒற்றை அறையில் ஆறு பேரோடு படுப்பவரிடமும் போய் எட்டு மணி நேரம் தூங்கு என்று சொல்வது அறிவுரை ஆகாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பழக்கம் என்பதில் பாதி, கூலியும் வீடும் வேலை நேரமும் தீர்மானிப்பவை.

சித்த மருத்துவத்துக்கு எங்கே இடம்

அந்தத் தாம்பரம் சானடோரியம் பகுதியில்தான் இன்று தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் இருக்கின்றன. இரண்டு மருத்துவமும் சேர்ந்து இயங்க முடியுமா என்ற கேள்விக்கு ஒரு நல்ல பதில் மிளகில் கிடைக்கிறது. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகம் மற்ற மருந்துகளின் வீரியத்தைக் கூட்டும் என்பது பழைய அறிவு. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் என்ற பொருள், ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து உடம்பில் கூடுதலாகச் சேர உதவுவதை ஜம்முவில் உள்ள அரசு ஆய்வகம் கண்டறிந்தது. அதை வைத்து 450 மில்லிகிராமுக்குப் பதில் 200 மில்லிகிராம் ரிஃபாம்பிசின் கொண்ட மாத்திரை 2009-இல் இந்தியாவில் வெளிவந்தது. மரபில் கிடைத்த குறிப்பை எடுத்து, அளந்து, சோதித்துப் பயன்படுத்துவதையே நான் ஒருங்கிணைந்த மருத்துவம் என்று கருதுகிறேன்.

கஷாயம் குடித்தால் நன்மை இல்லாவிட்டாலும் கெடுதல் என்ன என்று கேட்பவர்களுக்கும் மிளகே பதில் சொல்கிறது. ஒரு மருந்தின் அளவை ரத்தத்தில் கூட்ட முடிந்த பொருள், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் அளவையும் கூட்டும். தேவையற்ற இடத்தில் அது ஆபத்து. கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் சுக்கும் திப்பிலியும் சீந்திலும் உண்டு. கொரோனா காலத்தில் சீந்தில் தண்டைத் தாங்களாகவே நாள்கணக்கில் குடித்தவர்களில் 43 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை நாட்டின் பல மருத்துவமனைகள் சேர்ந்து 2022-இல் வெளியிட்டன. தவறான கொடியைச் சீந்தில் என்று எடுத்திருப்பார்கள் என்று ஆயுஷ் அமைச்சகம் முன்பே மறுத்திருந்தது. அப்படியே வைத்துக்கொண்டாலும், எந்தக் கொடி என்று தெரியாமல் வீட்டில் காய்ச்சிக் குடிக்கக் கூடாது என்பது உறுதியாகிறது. காசநோய் மாத்திரைகளில் மூன்று கல்லீரலைத் தொந்தரவு செய்யக்கூடியவை. அவற்றோடு கஷாயமும் குடித்து மஞ்சள் காமாலை வந்தால் எதை நிறுத்துவது என்று மருத்துவர் திணறிப்போவார். பட்டம் பெற்ற சித்த மருத்துவர் நாள் கணக்கு வைத்துத்தான் குடிநீர் கொடுப்பார். அவரிடம் ஆங்கில மருந்துச் சீட்டையும், ஆங்கில மருத்துவரிடம் கஷாயத்தின் பெயரையும் காட்டிவிடுவதுதான் பாதுகாப்பு.

வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்றால்

கூட இருக்கும் எல்லாரும் அரசு மருத்துவமனையில் சோதித்துக்கொள்ள வேண்டும். நோய் இல்லை என்றால் தடுப்பு மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது; வாரம் ஒரு முறை வீதம் 12 வேளையில் முடிகிற முறையும் உண்டு. எல்லாரின் எடையையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள், 30 வயதைத் தாண்டியவர்கள் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். நோயாளி மிக மெலிந்திருந்தாலோ, எழுந்து நிற்க முடியாவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே உள்நோயாளியாகச் சேர்ப்பதற்கென்றே தமிழக அரசு 2022-இல் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதைப் பெயர் சொல்லியே கேளுங்கள். நோயாளியின் வங்கிக் கணக்கில் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் வந்துகொண்டிருந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். ஆனால் ஜார்க்கண்ட் ஆய்வில் நோய் வராமல் தப்பியவர்கள் நோயாளிகள் அல்ல, அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்கள். அவர்களுக்கான பருப்பை யாராவது நன்கொடையாகக் கொடுத்தால்தான் என்று விடாமல், ரேஷன் அட்டையிலேயே ஆளுக்கு ஒன்றரைக் கிலோவாக ஆறு மாதம் சேர்த்துக் கொடுக்க அரசு முன்வர வேண்டும். கடையும் இருக்கிறது, அட்டையும் இருக்கிறது, நோயாளிகளின் பட்டியலும் அரசின் கையில் இருக்கிறது.