‘போதும்’ என்று பாடிய குரல்

மெல்லிய மருத்துவமனை அங்கி. காலில் தடித்த கம்பளிக் காலுறை. கைகளில் மருந்து ஏற்றும் குழாய்கள். மேடையில் நிற்கும் பெண் ஒரு நோயாளி. பின்னால் ஓபோ என்ற குழல்வாத்தியம் மெதுவாக ஏறி இறங்கும் ஒரு ராகத்தைத் தொடங்குகிறது. அவர் வாய் திறந்து பாடும் முதல் சொற்களுக்கு, ‘எனக்குப் போதும்’ என்று பொருள்.

பாடியவர் லொரைன் ஹன்ட் லீபர்சன், அமெரிக்கப் பாடகி. பாடலை எழுதியவர் யோகான் செபாஸ்தியன் பாக். பாக் தேவாலய வழிபாட்டுக்காக எழுதிய இரண்டு கன்டாட்டாக்களை, இயக்குநர் பீட்டர் செல்லர்ஸ் 2001-ல் இப்படி ஒரு நோயாளியின் கதையாக மேடையேற்றினார். பார்த்தவர்கள் பலர் கண்ணீரோடு வெளியே வந்தார்கள். மேடையில் இருந்தவர் எதைச் சுமந்துகொண்டு பாடினார் என்பது அவர்களில் பெரும்பாலோருக்கு அப்போது தெரியாது.

வயோலாவிலிருந்து குரலுக்கு

1954-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர் லொரைன். அப்பா இசை ஆசிரியர், அம்மா பாடகி. ஆனால், மகள் தேர்ந்தெடுத்தது வயோலா. வயலினைவிடச் சற்றுப் பெரிய, குரல் தாழ்ந்த வாத்தியம் அது. ஆர்கெஸ்ட்ராவில் வயலின் மேலே பறக்கும், செல்லோ அடியில் தாங்கும். நடுவில் இருக்கும் வயோலாவை ரசிகர்கள் தனியாகக் கவனிப்பது அபூர்வம். அதை வாசிப்பவர் மட்டும் மற்ற எல்லோரையும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இருபதுகளின் பின்பகுதி வரை வயோலாதான் அவருக்குச் சோறு போட்டது. ஒருநாள் அந்த வாத்தியம் திருடு போனது. பாடுவதில் ஏற்கெனவே இறங்கியிருந்த லொரைனின் இசை வாழ்க்கை, முழுக்கக் குரலின் பக்கம் திரும்பியது.

அதற்கு வழி விட்ட இடம் பாஸ்டன் நகரின் இம்மானுவேல் தேவாலயம். கிரெய்க் ஸ்மித் என்ற இசைக் கலைஞர் 1970-ல் அங்கே ‘இம்மானுவேல் மியூசிக்’ குழுவைத் தொடங்கினார். பாக்கின் கன்டாட்டாக்களை அவை பிறந்த இடத்திலேயே, அதாவது ஞாயிறு வழிபாட்டின் நடுவிலேயே பாட வேண்டும் என்பது அவர் கொள்கை. டிக்கெட் கிடையாது. நட்சத்திரப் பாடகர்களும் கிடையாது. கோரஸில் நிற்பவர்களில் ஒருவர் இரண்டடி முன்னால் வந்து தனிப்பாடலைப் பாடுவார். முடிந்ததும் மறுபடியும் வரிசைக்குள் போய் நின்றுகொள்வார்.

அந்தக் குழுவில் வயோலா வாசித்தும், கோரஸில் நின்று பாடியும் வளர்ந்தவர் லொரைன். பிற்காலத்தில் உலகின் பெரிய மேடைகளில் பாடியபோதும், கூட்டத்திலிருந்து முன்னால் வந்து நிற்கும் அந்த எளிமை அவரிடம் இருந்தது. 1996-ல் இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் விழாவில், ஹேண்டலின் ‘தியோடோரா’வில் ஐரீனாகப் பாடினார். ஒடுக்கப்படும் கிறிஸ்தவர்கள் சிலருக்குத் துணிவு சொல்லும் பெண் ஐரீன். கோரஸை விட்டுப் பிரிக்க முடியாத பாத்திரம். அவரை உலகமே திரும்பிப் பார்த்தது அப்போதுதான்.

கிழவர் பாடும் தாலாட்டு

‘எனக்குப் போதும்’ என்ற கன்டாட்டா 1727 பிப்ரவரி 2 அன்று ஜெர்மனியின் லைப்சிக் நகரில் முதன்முதலாக ஒலித்தது. குழந்தை இயேசுவை ஆலயத்தில் காணிக்கையாக்கியதை நினைவுகூரும் திருநாள் அது. பைபிளில் வரும் சிமியோன் என்ற முதியவர் அந்தக் குழந்தையைக் காண்பதற்காகவே காத்திருப்பவர். கையில் ஏந்திய கணமே, இனி நிம்மதியாகப் போய்விடலாம் என்கிறார். அந்த மனநிலையைத்தான் பாக் இசையாக்கினார்.

பாக்குக்கு அப்போது 41 வயது. பத்து வயதுக்குள் தாய், தந்தை இருவரையும் இழந்தவர். முதல் மனைவியையும் இழந்தவர். அந்தக் கன்டாட்டா ஒலிப்பதற்கு ஏழு மாதங்களுக்கு முன்னால்தான் மூன்று வயது மகள் ஒருத்தியைப் புதைத்திருந்தார். கன்டாட்டாவின் நடுவில் வரும் பாடல் ஒரு தாலாட்டு. களைத்த கண்களைத் தூங்கச் சொல்கிற தாலாட்டு. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே இசை அங்கங்கே அப்படியே நின்றுவிடும்; பிறகு மெல்லத் தொடரும். இரண்டாவது மனைவி அன்னா மக்தலேனா, வீட்டில் பாடுவதற்காக வைத்திருந்த தன் இசை நோட்டில் இந்தத் தாலாட்டை எழுதி வைத்துக்கொண்டார்.

‘போதும்’ என்ற சொல்லுக்குத் தமிழிலும் இரண்டு முகம் உண்டு. வயிறு நிறைய உண்டவர் இலையை மறைத்துக்கொண்டு சொல்வதும் ‘போதும்’தான். பட்டுப் பட்டுச் சலித்தவர் சொல்வதும் ‘போதும்’தான். சிமியோன் சொன்னது முதல் வகை. இந்தக் கன்டாட்டாவைப் பாடுகிறவர் ஒவ்வொருவரும் தான் சொல்வது எந்தப் ‘போதும்’ என்று தனக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

அழுதால் பாட முடியாது

லொரைனின் சகோதரி புற்றுநோயால் இறந்தவர். லொரைனே அவரைக் கவனித்துக்கொண்டவர். அதே நோய் லொரைனையும் தொட்டது. அதைப் பற்றி அவர் வெளியில் பேச விரும்பவில்லை. மருத்துவமனை அங்கி அவருக்கு வெறும் வேஷ உடையாக இருந்திருக்க முடியாது.

இங்கேதான் பாடகர்களுக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. நடிகர் மேடையில் அழலாம். வயலின் கலைஞர் கன்னத்தில் நீர் வழிய வாசிக்கலாம். பாடுகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. அழுகை வந்தால் முதலில் தொண்டை இறுகும், பிறகு மூச்சு துண்டு துண்டாகும், குரல் கம்மிப்போகும். பாக்கின் நீண்ட வரிகளோ ஒரே மூச்சில் வெகுதூரம் போகக் கேட்பவை. துக்கம் முழுதும் உள்ளே இருக்க வேண்டும், ஆனால் அது மூச்சின் வழியை மறிக்கக் கூடாது.

லொரைன் பாடியதைக் கேட்டால் அந்தத் துக்கம் எங்கே போனது என்பது தெரியும். சில இடங்களில் குரலைக் கிசுகிசுப்பின் எல்லை வரை இறக்குகிறார். இசை நிற்கும் இடங்களில் அவசரப்படாமல் அவரும் நிற்கிறார். துயரம் ஒவ்வொரு சொல்லின் எடையாக மாறுகிறது. கேட்பவர் அழுகிறார், அவர் அடுத்த வரிக்கு மூச்சு எடுக்கிறார்.

கடைசிப் பாடலில் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. சாவை மகிழ்ச்சியோடு எதிர்பார்ப்பதாகச் சொல்லும் பாடல் அது. வேகமான, கிட்டத்தட்ட நடன நடை. ஆனால், சோகம் தொனிக்கும் மைனர் சுருதி. மகிழ்ச்சியும் வலியும் ஒரே மூச்சில். நலிந்த குரலால் அதைப் பாட முடியாது, நல்ல பலம் வேண்டும். நோயாளியாக நின்ற லொரைன் அதை முழுப் பலத்தோடு பாடினார்.

அன்று பாடிய மற்றொரு கன்டாட்டா, பாக் வைமர் நகரில் இருந்தபோது 1714-ல் ஒலித்தது. பாவத்தின் பாரத்தால் துவண்ட ஓர் உள்ளம் மன்னிப்பைத் தேடி ஆறுதல் அடையும் கதை. அது திரும்பும் இடத்தில், எளிய தேவாலயப் பாடல் ஒன்று வருகிறது. அந்தப் பாடலில் குரலைச் சுற்றிச் சுற்றி ஓடி அதைத் தாங்கிப் பிடிப்பதற்கு பாக் வைமரில் தேர்ந்தெடுத்த வாத்தியம் வயோலா.

வரிசைக்குத் திரும்பியவர்

இரண்டு கன்டாட்டாக்களையும் இம்மானுவேல் குழுவினரோடு, கிரெய்க் ஸ்மித் நடத்த, லொரைன் பதிவு செய்தார். இசைத்தட்டு 2003-ல் வெளிவந்தது. லொரைனின் கணவர் பீட்டர் லீபர்சன் இசையமைப்பாளர், புத்த மார்க்கத்தைப் பின்பற்றியவர். அசோகச் சக்கரவர்த்தியைப் பற்றி அவர் எழுதிய ஓபரா 1997-ல் அரங்கேறியபோதுதான் அதில் பாட வந்த லொரைனைச் சந்தித்தார். பிறகு மனைவியின் குரலுக்காகவே நெரூதாவின் காதல் கவிதைகளுக்கு இசையமைத்தார். 2006 ஜூலை 3 அன்று, 52 வயதில் லொரைன் மறைந்தார். அடுத்த ஆண்டு கிரெய்க் ஸ்மித்தும் மறைந்தார்.

பாஸ்டனில் அந்த ஞாயிறு வழக்கம் இன்னும் நிற்கவில்லை. இம்மானுவேல் தேவாலயத்தில் இப்போதும் வழிபாட்டின் நடுவே பாக் ஒலிக்கிறார். கோரஸிலிருந்து ஒருவர் முன்னால் வருகிறார். பாடுகிறார். பாடி முடித்ததும் ஓசையில்லாமல் தன் வரிசைக்குத் திரும்பிப் போகிறார்.